பச்சைப் பிள்ளையின் உடுப்பில் பீரங்கி

துணியும் நூலும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பழைய கிமோனோக்களை (ஜப்பானியரின் பாரம்பரிய அங்கி) பற்றி ஒரு வாசகி கேட்டிருந்தார். பதில் சொல்லும்போது, 1930களில் ஜப்பானில் குழந்தைகளின் கிமோனோவில்கூட விமானமும் பீரங்கியும் அச்சடித்தார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் செய்திகளுமே இந்தப் பகுதியை நிரப்பப் போதும். பட்டுச்சேலைக் கறையும் சாயம் போகும் சுங்குடியும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளட்டும்.

ஜெயநகர் வாசகி: கைக்குழந்தை உடுப்பில் பீரங்கியா? நம்பவே முடியவில்லை. நேரில் பார்த்தீர்களா, படத்தில் பார்த்தீர்களா?

நேரில்தான் பார்த்தேன். கையில் எடுத்தும் பார்த்தேன். மல்லேஸ்வரத்தில் இருக்கும் என் தோழியின் மருமகள் சில காலம் ஒசாகாவில் வேலை பார்த்தாள். பக்கத்து ஊரான கியோட்டோவில் தோஜி என்று பெரிய பௌத்தக் கோயில் ஒன்று உண்டு. மாதாமாதம் 21ஆம் தேதி அங்கே பழைய சாமான் சந்தை கூடும். அந்தச் சந்தையில் குவித்துப் போட்டிருந்த துணிகளுக்குள் ஒரு குழந்தைக் கிமோனோ கண்ணில் பட, அழகாக இருக்கிறதே என்று வாங்கியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து விரித்த பிறகுதான் அதில் என்ன படம் என்று கவனித்தாளாம். "ஆன்ட்டி, இதை வெச்சுக்கறதா, என்ன பண்றதுன்னே தெரியல" என்று என்னிடம் கொண்டுவந்தாள்.

மெல்லிய கம்பளி மஸ்லின் துணி. சாம்பல் கலந்த நீல நிலம். அதன்மேல் வெள்ளை மேகங்கள், மேகத்துக்கு இடையில் விமானங்கள், கீழே ஒரு பீரங்கி. பீரங்கிக்குப் பக்கத்தில் இரும்புத் தொப்பி போட்ட ஒரு சின்னப் பையன் நிற்கிறான். உப்பிய கன்னம், சிவந்த மூக்கு, கையில் கொடி. காலடியில் ஒரு நாய்க்குட்டி அவனை அண்ணாந்து பார்க்கிறது. பீரங்கி வாயிலிருந்து வரும் புகை வெள்ளை உருண்டைகளாக, ஓரத்தில் இளஞ்சிவப்புக் கோடு போட்டு வரைந்திருக்கிறது. சுட்ட குண்டு எங்கே போய் விழுந்தது என்று துணி முழுக்கத் தேடினேன். எங்கும் இல்லை.

பெங்களூரில் பட்டு பிரிண்டிங் பட்டறைகளில் டிசைன் மேஜையில் உட்கார்ந்தே என் காலம் போயிருக்கிறது. எந்த அச்சுத் துணியைப் பார்த்தாலும் முதலில் நிறத்தைத்தான் எண்ணுவேன். இதில் ஏழு. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்டென்சில் வெட்டியிருக்க வேண்டும். ரசாயனச் சாயத்தை அரிசிப் பசையில் கலந்து ஸ்டென்சில் வழியாகத் துணியில் ஏற்றும் வித்தை, மெய்ஜி காலத்தில் (1868-1912) கியோட்டோவில் உருவானது. அதே வழி வேலைதான் இது. கொடியின் சிவப்பு வட்டம் வெள்ளையில் ஒரு நூல்கூட வழியவில்லை.

இன்னொன்று சொன்னால் அந்தக் கையின் திறமை உங்களுக்குப் புரியும். கிமோனோத் துணி சுமார் 36 முதல் 38 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமுமாக ஒரே உருளையாக வரும். தைக்கும்போது தோளில் வெட்டு கிடையாது. ஒரே நீளத்துணி முன்பக்கத்திலிருந்து தோள் வழியாக முதுகுக்கு இறங்கும். அப்படியானால், எல்லாப் படத்தையும் ஒரே திசையில் வரைந்தால் முன்பக்கம் நேராகவும் முதுகில் தலைகீழாகவும் விழும். பூவுக்கும் செடிகொடிக்கும் இது பிரச்சினை இல்லை. விமானத்துக்கும் இல்லை, வானத்தில் எப்படித் திரும்பினாலும் சரிதான். பையனைத் தலைகீழாக நிறுத்த முடியுமா? ஒரு வரிசை நேர், அடுத்த வரிசை தலைகீழ் என்று மாற்றி மாற்றிப் போட்டு, இரண்டும் சேரும் இடத்தை மேகத்தால் மறைத்திருக்கிறார் வரைந்தவர். எங்கே ரிப்பீட் முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க எனக்கே நேரமானது. மனசார மதித்தேன். அப்புறம் அந்தப் பையனின் முகத்தை மறுபடி பார்த்தேன், வயிற்றைப் பிசைந்தது.

திருப்பிப் போட்டால் முதுகில் கழுத்துப்பட்டிக்குக் கீழே வண்ண நூலில் சின்னதாகக் கைத்தையல். இதை செமமோரி என்பார்கள். பெரியவர்கள் கிமோனோவில் முதுகு நடுவே ஒரு தையல் ஓடும். அந்தத் தையல்தான் பின்னாலிருந்து வரும் தீயசக்தியைத் தடுக்கிறது என்று நம்பிக்கை. பச்சைப் பிள்ளைக்கு ஒரு அகலத் துணியே முதுகு முழுவதற்கும் போதும் என்பதால் நடுத்தையல் வராது. அதற்குப் பதிலாகத்தான் வீட்டுப் பெண்கள் இந்தக் காப்புத் தையலைப் போட்டுக் கொடுத்தார்கள். நம் வீட்டில் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்கும் அதே பாசம். முன்னால் பீரங்கி, பின்னால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று அம்மாவோ பாட்டியோ போட்ட தையல். இரண்டும் ஒரே துணியில் இருக்கின்றன. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் நினைத்ததே அந்தத் தையலைப் பார்த்த பிறகுதான்.

நான் பார்த்தது வீட்டில் உடுத்தும் ரகம். விசேஷத்துக்கு இன்னும் பெரிதாகச் செய்தார்கள். குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆனதும் கோயிலுக்கு எடுத்துப்போவது அங்கே வழக்கம். பெரும்பாலும் அப்பாவைப் பெற்ற பாட்டி குழந்தையைத் தூக்கிக்கொள்வார். பட்டிலோ ரேயானிலோ செய்த கிமோனோவைக் குழந்தையின்மேல் போர்த்தி, நாடாவைப் பாட்டியின் கழுத்துக்குப் பின்னால் கட்டுவார்கள். கிமோனோவின் முதுகுப்பக்கப் படம் முழுசாக விரிந்து எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆண் குழந்தை என்றால் கழுகு, புலி, சாமுராய் தலைக்கவசம் என்று வீரத்துக்கான படங்கள் முன்பிருந்தே உண்டு. 1930களில் கழுகு பறந்த இடத்தில் விமானம் பறந்தது, கவசம் இருந்த இடத்தில் டாங்கி வந்தது. அந்த உடுப்பை வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் அம்மா வீட்டார். தாய்வீட்டுச் சீராகத்தான் அது வந்து சேர்ந்தது.

இந்திராநகர் வாசகர்: போர்க்காலத்தில் அரசாங்கம் உத்தரவு போட்டிருக்கும், நெசவாளிகள் பாவம் வேறு வழியில்லாமல் செய்திருப்பார்கள். அப்படித்தானே?

அப்படி இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும், தம்பி. ஆனால் இந்தப் படங்களில் பெரும்பாலானவை கடைக்கும் சந்தைக்கும் என்று வியாபாரிகளும் டிசைனர்களும் தாங்களாகவே செய்தவை. விற்றன, செய்தார்கள்.

வியாபாரம் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். சிக்கபேட்டை மொத்த வியாபாரி மேஜைக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, "இந்த வாரம் பேப்பர்ல என்ன படம் வருதோ அதப் போட்டுக் குடும்மா" என்பார். உலகக் கோப்பை வந்தால் பேட்டும் பந்தும் முந்தானையில் ஏறும். ஜப்பானிலும் மெய்ஜி காலத்திலிருந்தே ரயில், தந்திக்கம்பம், மிதிவண்டி என்று புதுசாக வந்த எல்லாவற்றையும் துணியில் போடுவது மோஸ்தர். இந்த ரகத்துக்கு ஒமோஷிரோகரா என்று பேர், வேடிக்கையான படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1894-95 சீனப் போரும் 1904-05 ரஷ்யப் போரும் அப்படியே துணிக்கு வந்தன. 1931 செப்டம்பரில் ஜப்பானியப் படை சீனாவின் வடகிழக்கில் இருக்கும் மஞ்சூரியாவைப் பிடிக்கக் கிளம்பிய பிறகு போர்ச் செய்தி பத்திரிகையிலும் வானொலியிலும் தினப்படி விஷயமாகிவிட்டது. துணியும் அதன் பின்னால் ஓடியது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1937 ஏப்ரலில் அசாஹி பத்திரிகையின் விமானம் ஒன்று டோக்கியோ பக்கத்திலிருந்து லண்டனுக்குப் பறந்தது. கல்கத்தாவிலும் கராச்சியிலும் இறங்கித்தான் போனது. மொத்தம் 94 மணி நேரத்துக்குச் சற்று மேல். ஊரே கொண்டாடியது. அந்த விமானத்தின் பேர் கமிகாசே. 1944இல் வந்த தற்கொலைப் படைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பேர்தான் ஒன்று. அந்த விமானமும் உலக வரைபடமும் சின்னப் பையன்களின் கிமோனோவில் ஏறின. அதில் என்ன தப்பு இருக்கிறது? எனக்கே அந்தச் சித்திரம் பிடிக்கும். ஆனால் மூன்றே மாதத்தில், 1937 ஜூலையில், சீனாவோடு முழுப் போர் வெடித்தது. மேகமும் பையனும் கொடியும் அப்படியே இருக்க, விமானத்துக்குக் கீழே குண்டு சேர்ந்துகொண்டது. இப்படி ஒரு படி, அப்புறம் ஒரு படி என்றுதான் வந்திருக்கிறார்கள். அன்றைக்கு மேஜையில் உட்கார்ந்திருந்தவருக்கு எந்தப் படி கடைசிப் படி என்று தெரிந்திருக்குமா என்று அடிக்கடி யோசிக்கிறேன்.

ஆண்களின் உடுப்பில் இன்னொரு சங்கதி. எடோ காலத்தில் (1603-1868) இருந்த ஜப்பானிய அரசு, வணிகர்கள் ஆடம்பரமாக உடுத்தக் கூடாது என்று சட்டம் போட்டுவைத்தது. அவர்கள் வெளியே கறுப்பும் பழுப்புமாக அடக்கமாக உடுத்தி, செலவையெல்லாம் உள்ளே லைனிங்கில் காட்டினார்கள். அந்தப் பழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. 1930களின் மேல் அங்கியான ஹவோரியை வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கழற்றித் திருப்பினால் முதுகு லைனிங்கில் போர்க்கப்பல், தேடுவிளக்கு, கோட்டைச் சுவர்மேல் ஏறிக் கைதூக்கி நிற்கும் படைவீரர்கள். கிமோனோவுக்குள் போடும் ஜுபான் அங்கியிலும் அப்படித்தான். நண்பர்களோடு உட்கார்ந்து குடிக்கும்போதோ வீட்டிலோ மட்டும்தான் அது தெரியும். தெருவில் காட்டுவதற்காகப் போட்டிருந்தால் ஊருக்குப் பயந்து போட்டார் என்று சொல்லலாம். உள்ளே போட்டுக்கொண்டவர் அதை விரும்பித்தான் போட்டிருக்க வேண்டும்.

1937 டிசம்பரில் நாஞ்சிங் நகரம் வீழ்ந்த செய்தியும் இப்படித் துணிக்கு வந்தது. அந்த நகரத்தில் அப்போது ஜப்பானியப் படை பல்லாயிரக்கணக்கான சீனர்களைக் கொன்றது, பெண்களைச் சீரழித்தது. துணியில் கோட்டையும் கொடியும் மட்டும்தான் உண்டு. நான் படத்தில் பார்த்த இந்த வகைத் துணி எதிலும் செத்த மனிதன் ஒருவன்கூட இல்லை. அடிபட்டவனும் இல்லை. பல நேரம் எதிரி என்று ஒருவனே இல்லை. மோமோதாரோ கதையை வைத்து வரைந்தால் அரக்கர்கள் வருவார்கள், அவ்வளவுதான். மோமோதாரோ என்பது பீச் பழத்திலிருந்து பிறந்து, நாய், குரங்கு, காட்டுக்கோழியோடு அரக்கர் தீவுக்குப் படையெடுக்கும் சிறுவனின் கதை. அங்கே எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கதைக்குள் சீனனையும் வெள்ளைக்காரனையும் வைத்துவிட்டால் பிள்ளைக்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

அரசு துணியில் கைவைத்தது உண்மை, ஆனால் வேறு விதத்தில். 1940 ஜூலை 7இல் ஆடம்பரப் பொருள் செய்வதற்கும் விற்பதற்கும் தடை வந்தது. "ஆடம்பரம் நம் எதிரி" என்று டோக்கியோ தெருக்களில் பலகை வைத்தார்கள். 1942 பிப்ரவரியில் துணிக்கு ரேஷன். நகரத்தில் ஓர் ஆளுக்கு வருஷத்துக்கு 100 புள்ளி, கிராமத்தில் 80. அதற்குள் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். வீரத்தை அச்சடித்து விற்ற வியாபாரத்தையே கடைசியில் போர் விழுங்கிவிட்டது.

அல்சூர் வாசகர்: என் தாத்தா ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் "தம்பி"யாக (அந்தப் படைச் சிப்பாய்க்கு அப்படித்தான் பேர்) இருந்து பர்மா போர்முனைக்குப் போனவர். ஜப்பான்காரர்களைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. அந்தக் கிமோனோ படங்களில் நம் பக்கத்து விஷயம் ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் உங்கள் வீட்டு வாசலிலிருந்தே கிளம்பிப் போன விஷயம்.

முள்கம்பி வேலியைத் தகர்க்க, நீளக் குழாயில் வெடிமருந்தை அடைத்து வேலிக்கு அடியில் தள்ளி வெடிக்க வைப்பார்கள். அதற்கு "பெங்களூர் டார்பிடோ" என்று உலகம் முழுக்கப் பேர். அல்சூர் ஏரிக்கரையில் இன்றும் இருக்கிறதே உங்கள் தாத்தாவின் படை, அதே மெட்ராஸ் சாப்பர்ஸோடு இருந்த மெக்கிளின்டாக் என்ற பிரிட்டிஷ் ராணுவ கேப்டன், முதல் உலகப்போருக்கு முன்பு இந்த ஊரில் உருவாக்கியது. தாத்தா அதைத் தூக்கிப் பழகியிருக்கவும் கூடும்.

இனி ஜப்பானுக்கு வருவோம். 1932 பிப்ரவரி 22, ஷாங்காய்க்குப் பக்கத்தில் சண்டை. சீனப் படையின் முள்வேலியை உடைக்க இதே மாதிரிக் குழாயை, மூங்கிலை வைத்துச் செய்தது, மூன்று ஜப்பானியச் சிப்பாய்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குழாய் வெடித்து மூவரும் செத்தார்கள். மூன்று பேரும் தெரிந்தே உயிரைக் கொடுத்தார்கள் என்று ராணுவமும் பத்திரிகைகளும் எழுதின. "மூன்று மனித வெடிகுண்டு வீரர்கள்" என்று பட்டம். ஒரு மாதத்துக்குள் சினிமாக்கள் வந்தன, நாடகங்கள் வந்தன. பெரிய பத்திரிகைகள் பாட்டுப் போட்டி வைத்தன. ஒசாகாவில் ஒரு பெரிய கடையின் உணவகத்தில் முள்ளங்கியைக் குழாய் மாதிரி வெட்டி இவர்கள் பேரில் ஓர் உணவுகூடப் பரிமாறினார்கள். அன்று அதே வேலைக்குப் போன வேறு சிப்பாய்கள் உயிரோடு திரும்பி வந்தார்கள் என்ற செய்திதான் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

அந்த மூவரும் பையன்களின் கிமோனோவுக்கு வந்தார்கள். நீளக் குழாயை மூன்று பேர் இடுக்கிக்கொண்டு குனிந்து ஓடும் உருவம். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை. நம் அல்சூரில் பிறந்த குழாய், ஷாங்காய் சேற்றில் மூன்று பேரைக் கொன்று, அப்புறம் ஜப்பானில் ஏதோ ஒரு வீட்டில் குழந்தையின் முதுகில் வந்து படுத்திருக்கிறது. பத்து வருஷம் கழித்து, அந்தப் படம் போட்ட துணியை உடுத்தி வளர்ந்த பையன்களில் சிலர் பர்மாவில் உங்கள் தாத்தாவுக்கு எதிரில் நின்றிருப்பார்கள். 1932இல் பத்து வயது என்றால் 1942இல் இருபது. தாத்தா ஏன் அதிகம் பேசவில்லை என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அவர் பேர், படை எண், தேதிகள் ஏதாவது இருந்தால் குடும்பத்தில் யாராவது எழுதி வையுங்கள், ஐயா.

கம்மனஹள்ளி வாசகி: பெண்கள் உடுப்பில் இந்தப் படங்கள் கிடையாதா?

குறைவு. சில ஜுபான்களிலும் இடுப்புப்பட்டியிலும் உண்டு. பெண்ணுக்கு அவர்கள் வேறு வேலை கொடுத்தார்கள். தேசப் பாதுகாப்புப் பெண்கள் சங்கம் என்று 1932இல் ஒசாகாவில் தொடங்கியது. சமையலறையில் போடும் வெள்ளை ஏப்ரனே அவர்களின் சீருடை. படைக்குப் போகும் ஆளுக்காகத் தெருமுனையில் ஒரு துண்டுத் துணியை வைத்துக்கொண்டு நிற்பார்கள். போகிற வருகிற பெண்களெல்லாம் ஆளுக்கொரு சிவப்பு முடிச்சுப் போட்டு ஆயிரம் முடிச்சு சேர வேண்டும். அதை அவன் வயிற்றில் கட்டிக்கொண்டு போவான், குண்டு படாது என்று நம்பிக்கை. புலி வருஷத்தில் பிறந்த பெண்ணாக இருந்தால் ஒன்றோடு நிறுத்த வேண்டாம், தன் வயசுக்கு எத்தனையோ அத்தனை முடிச்சுப் போடலாம். புலி ஆயிரம் காதம் போனாலும் வீடு திரும்பும் என்பது அவர்கள் வழக்கு. படம் அச்சடித்த எல்லாத் துணியையும்விட இந்த முடிச்சுத் துணி என்னை அதிகம் கலங்க வைக்கிறது. போட்டவர்களுக்கு அவன் திரும்பி வந்தால் போதும்.

பசவனகுடி வாசகர்: எங்கள் பக்கம் "டாட்டா சில்க் ஃபார்ம்" என்று ஓர் இடம் இருக்கிறது. அதற்கும் ஜப்பானுக்கும் தொடர்பு என்கிறார்களே?

ஆமாம். ஜாம்ஷெட்ஜி டாட்டா 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே ஜப்பானிய முறைப்படி பட்டுப்புழு வளர்க்க ஏற்பாடு செய்தார். சொல்லிக்கொடுக்க ஜப்பானியத் தம்பதி ஒருவர் வந்தார்கள். இந்த இதழ் விஷயத்தோடு சேர்த்துச் சொல்வதானால், 1941இல் பிரிட்டன் பக்கத்துக்கு ஜப்பானியப் பட்டு நின்றுபோனது. பாராசூட்டுக்கு மைசூர்ப் பட்டு தேவைப்பட்டது. நம் ஊர்ப் புழுவும் அந்தப் போருக்கு நூல் நூற்றது.

ஒயிட்ஃபீல்ட் வாசகி: என் மகனுக்குப் பள்ளி மாறுவேடப் போட்டியில் ராணுவ உடை போட்டுவிட்டேன். உங்கள் வரியைப் படித்ததும் மனசு உறுத்துகிறது. செய்தது தப்பா?

தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், அம்மா. ராணுவத்தில் இருப்பவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். அவர்களை மாதிரி ஒருநாள் இருக்க ஒரு குழந்தை ஆசைப்படுவது இயல்பு. ஜப்பானியர் மட்டும் இதைச் செய்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். அதே போரில் லண்டன் கடைகள் போர் வாசகங்களும் படங்களும் அச்சடித்த பட்டு ஸ்கார்ஃப் விற்றன. அமெரிக்காவிலும் அப்படித் துணிகள் வந்தன. இங்கே 2019இல் சூரத்தில் படைவீரர்களும் டாங்கியும் அச்சடித்த சேலைகள் தயாராகிச் செய்தியில் வந்தன. தேர்தல் வந்தால் தமிழ்நாட்டில் கரைவேட்டி எத்தனை ஓடும் என்று உங்களுக்கே தெரியும். ஒன்றை மனசார நம்பினால் அதை உடம்பில் போட்டுக்கொள்ளத் தோன்றும்.

இருந்தாலும் என் மனசில் இருப்பதைச் சொல்கிறேன். மாறுவேட உடையைச் சாயங்காலம் கழற்றிவிடுகிறோம், பிள்ளைக்கும் அது வேஷம் என்று தெரியும். தினமும் உடுத்தி, அதிலேயே தூங்கி, அதிலேயே பால் கக்கும் துணி வேறு. விவரம் தெரியாத குழந்தையின் உடம்பில் நாம் போடும் படத்துக்கு அந்தக் குழந்தை சம்மதம் சொல்லவில்லை. அதனால் துப்பாக்கி, டாங்கி, குண்டு போட்ட குழந்தைத் துணியை நான் வாங்க மாட்டேன், யாராவது வரைந்து தரச் சொன்னாலும் வரைய மாட்டேன். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. உங்கள் மகனுக்கு அந்த உடை அவ்வளவு பிடித்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ப்ரிகேட் ரோட்டில் இருக்கும் சாப்பர்ஸ் போர் நினைவுச்சின்னத்துக்குக் கூட்டிப்போங்கள். அது எதற்காக அங்கே நிற்கிறது என்று அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். போருக்குப் போனவர்களில் திரும்பாதவர்கள் உண்டு என்பது அவனுக்கும் தெரியட்டும். அந்த ஜப்பானியக் கிமோனோவில் இல்லாமல் போனது அதுதான்.

மல்லேஸ்வரம் வாசகி (அந்தக் கிமோனோவின் சொந்தக்காரியே கேட்டது): ஆன்ட்டி, கடைசியில் இதை என்ன செய்யட்டும்? தூக்கிப் போடவா, ஃப்ரேம் போட்டு மாட்டவா?

இரண்டும் வேண்டாம், கண்ணு. போருக்குப் பிறகு இந்த மாதிரித் துணிகளைப் பல வீடுகளில் வெளியில் காட்டாமல் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டார்கள். மிஞ்சியிருப்பவைதான் சாட்சி. தூக்கிப் போட்டால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று நாளைக்கு யாராவது சொல்ல வசதியாகிவிடும். சுவரில் மாட்டினால் வருகிறவர்கள் அழகை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்கள். வெயில் பட்டுச் சாயமும் போகும்.

துவைக்காதே. டிரை கிளீனிங்கும் வேண்டாம், அந்தக் கம்பளி மஸ்லின் தாங்காது. ஓரத்தில் பூச்சி அரித்த பொட்டுகள் இருக்கின்றன, நீ கவனித்திருக்க மாட்டாய். பாலித்தீன் பையில் காற்று இல்லாமல் சுற்றி, வீட்டு டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வை. எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒருநாள் வெளியில் வைத்துவிட்டு அப்புறம் திற, இல்லாவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும். அதன் பிறகு கஞ்சி போகத் துவைத்துக் காய்ந்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மடிப்பு விழும் இடத்தில் துணியையே உருட்டி அண்டைகொடு. அந்துருண்டை துணியைத் தொடக் கூடாது. நம் ஊர் மழைக்காலத்தில் அலமாரிக்குள் ஈரம் ஏறும், மழை விட்டதும் ஒருமுறை நிழலில் விரித்துப் பார்த்து, மடிப்பை மாற்றிப் போடு. செமமோரித் தையலில் ஒரு நூல் தொங்குகிறது. அதை வெட்டவும் வேண்டாம், தைக்கவும் வேண்டாம்.

ஒரு காகிதத்தில் பென்சிலால் எழுது: எந்தச் சந்தை, எந்தத் தேதி, விற்றவர் என்ன சொன்னார், என்ன விலை, படத்தில் என்னென்ன இருக்கிறது. துணியில் எதையும் ஒட்டாமல் அந்தக் காகிதத்தைப் பெட்டிக்குள் தனியாக வை. என்றைக்காவது ஒரு அருங்காட்சியகம் கேட்டால், அந்தக் காகிதத்தோடு சேர்த்துக் கொடு.